சாருமதியின் எட்டு வருஷம்

பேரைக் கேட்டதும் சாருமதின்னு சொல்லிட்டேன். ஒரு தடுமாற்றம் இல்ல, எச்சில் முழுங்கல. வாசல்ல செக்யூரிட்டிக்காரர் நோட்டை என் பக்கம் தள்ளி, நூல்ல கட்டியிருந்த பேனாவை இழுத்துக் கொடுத்து, "பேரு சொல்லும்மா, யாரைப் பாக்கணும்?"னு கேட்டார். அவ்வளவுதான். பொறந்ததுலேர்ந்து அந்தப் பேர்லயே கூப்பிட்டு வளர்த்த மாதிரி வாயிலேர்ந்து வந்து விழுந்துச்சு. ரயில் ஏறி கிண்டியில இறங்கி இந்த எஸ்டேட்டுக்குள்ள நடந்து வர்ற வரைக்கும், கேட்டா நாக்கு குழறுமோ, முகம் காட்டிக் கொடுத்துடுமோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். குழறியிருக்கலாம். குழறியிருந்தா அப்படியே திரும்பி நடையைக் கட்டியிருப்பேன். குழறாததுதான் இப்ப பயமா இருக்கு. கையெழுத்து வேற போட்டேன். அவளுக்குன்னு ஒரு கையெழுத்து இருக்கு, கடைசியில ஒரு கோடு நீளமா இழுத்து விடுவா, என் கோழிக்கிறுக்கலைவிட எவ்வளவோ தேவலை. இப்போ இந்த ரெக்சின் சோபாவுல உட்கார்ந்திருக்கேன். குளிரு முதுகு வழியா ஏறுது. எதிர்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பெரிய வால்வை நட்டநடுவுல அறுத்து வச்சிருக்காங்க, உள்ள இருக்கற வழியெல்லாம் சிவப்பும் நீலமுமா பெயிண்ட் அடிச்சு. இந்தக் கம்பெனியில செய்யற சாமானாம், உள்ள எப்படி இருக்குன்னு எல்லாரும் பாக்கணுமாம். ஏன் அதையே பாத்துக்கிட்டிருக்கேன். அறுத்து வச்ச எதைப் பாத்தாலும் இப்பல்லாம் எனக்கு என்னவோ பண்ணுது. கூப்பிடற வரைக்கும் வேற எதையாவது பாக்கணும். காலண்டர். தண்ணி கேன். பக்கத்துல ஒரு பொண்ணு, மடியில பைல். அதுவும் என்னை மாதிரி இன்டர்வியூவுக்குத்தான் வந்திருக்கும். என்னை மாதிரின்னு எப்படிச் சொல்றது. அந்தப் பொண்ணுன்னு ஒருத்தி இருக்கா. சாருமதின்னு ஒருத்தி கிடையாது. உலகத்துல எந்த மூலையில தேடினாலும் கிடையாது. நாங்க செஞ்சதுதான். மேடமும் நானும் ஒரு மேஜையில உட்கார்ந்து, டீ குடிச்சுக்கிட்டே செஞ்சது.

மேடம்னா வைஜயந்தி மேடம். தரமணிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல ப்ரொபசர். அவங்ககிட்ட நான் ஒப்பந்தத்துல வேலை பாக்கறேன், இந்த மாசத்தோட அதுவும் முடியுது. வேலைக்கு ஆள் எடுக்கறவங்க ஒரு பயோடேட்டாவைக் கையில எடுத்தா எதைப் பாத்துக் கூப்பிடறாங்க, எதைப் பாத்து ஓரமா வைக்கறாங்க, இதுதான் அவங்க ஆராய்ச்சி. நேர்ல போய்க் கேட்டா, எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதாங்கம்பாங்க, யாரு உண்மையைச் சொல்லப் போறா. அதனால இல்லாத ஆளுங்களுக்கு பயோடேட்டா எழுதி நிஜக் கம்பெனிக்கு அனுப்பணும். ஒரு கம்பெனிக்கு ரெண்டு. ரெண்டும் அச்சா ஒரே படிப்பு, ஒரே மார்க்கு, ஒரே அனுபவம், ஒரே ஒரு விஷயம் மட்டும் வேற. அந்த வேற விஷயம் என்னன்னா, ஒண்ணுல நடுவுல எட்டு வருஷம் காலியா இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. எதைக் கூப்பிடறாங்கன்னு பாக்கணும். "நிஜமான ஒரு பயோடேட்டாவை வச்சுக்கிட்டு எழுதினா நல்லா வரும்"னாங்க மேடம். என்கிட்டதான் ஒண்ணு இருந்துச்சே. என் பி.காம், திருநெல்வேலியில நான் படிச்ச காலேஜ், கல்யாணத்துக்கு முன்னாடி ஆடிட்டர் ஆபீஸ்ல நான் பாத்த வேலை, டேலி, சம்பளக் கணக்கு, எல்லாம் என்னுது. பேரு மட்டும் சண்முகவடிவுன்னு வைக்க முடியாதே. எங்க தாத்தா எனக்கு ஆசையா வச்ச பேரு அது, அதை வச்சுக்கிட்டு இந்த ஊர்ல ஏ.சி. ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தா கல்யாணப் பத்திரிகையைப் படிக்கற மாதிரி வாயைச் சுழிச்சுதான் கூப்பிடுவாங்க. பேரு புதுசு. அப்புறம் அந்த எட்டு வருஷம் புதுசு. காலியில்லாத பயோடேட்டாவுல எட்டு வருஷத்தை எதையாவது போட்டு நிரப்பணுமே. கரூர்ல ஒரு ஏற்றுமதிக் கம்பெனி, துண்டும் பெட்ஷீட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க, அங்க சீனியர் அக்கவுன்டன்ட்னு எழுதினேன். அப்படி ஒரு கம்பெனி கிடையாது. கரூர்ல நான் இறங்கினதே கிடையாது, ரயில்ல போகும்போது பலகையைப் பாத்திருக்கேன். கடைசியில, மேலே சொன்னதெல்லாம் உண்மைன்னு உறுதி சொல்ற வரியைப் போட்டு, இடம், தேதி எழுதி, கையெழுத்தும் நானே போட்டேன். அந்த வரி இல்லாம நம்ம ஊர்ல பயோடேட்டாவே செல்லாதுல்ல. போடும்போது மேடம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

நிஜத்துல அந்த எட்டு வருஷம் எங்க போச்சுன்னு கேட்டா, தென்றல்கிட்ட போச்சு. என் பொண்ணு. ஒண்ணரை வயசுல ஒரு நாள் குக்கர் அவ பின்னாலேயே விசில் அடிச்சுது, அவ திரும்பல. கீழ் வீட்டு நாய் குலைச்சுது, திரும்பல. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல. டெஸ்டு, ஆபரேஷன், காதுக்குப் பின்னால மெஷின். மெஷின் வச்சா காது கேக்கும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. சத்தம் கேக்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துல எது கதவு, எது காக்கா, எது அம்மான்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுச் சொல்லிக் கொடுக்கணும். அவ கையைப் பிடிச்சு என் தொண்டையில வச்சு "மா"ன்னு சொல்லணும், அப்புறம் அவ தொண்டையில என் கையை வச்சுக் காத்துக்கிட்டிருக்கணும். மாசக்கணக்கா ஒண்ணும் வராது. ஊதின மெழுகுவத்தி எத்தனை, ப-வுக்கு அணையும், ம-வுக்கு அணையாது. பஸ்ல, கடையில, மாவு அரைக்கற எடத்துல, வாயை மூடாம பேசிக்கிட்டே இருக்கணும் அவகிட்ட, இது வாழைக்காய், இது தராசு, இந்த மாமா சில்லறை தர்றார். பைத்தியம்னு நினைச்சவங்க நினைச்சுக்கிட்டாங்க. அவர், என் வீட்டுக்காரர், கூரியர் ஆபீஸ்லேர்ந்து வந்து, "இன்னிக்கு என்ன வார்த்தை?"ன்னு கேப்பார், சில நாள் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. இது எல்லாத்தையும் பயோடேட்டாவுல எப்படி எழுதறது. மேடம்கிட்ட கேட்டேன். "வெறுமே விட்டுடுங்க வடிவு, காரணம் எழுதினா அதைப் பாத்துப் பரிதாபப்பட்டுக் கூப்பிட்டாங்கன்னு ஆயிடும்"னாங்க. ஆராய்ச்சிக்கு அது சரிதான். வெறுமே விட்டேன். கம்ப்யூட்டர்ல அந்த எடத்தைத் தட்டி ஒரு வரி மேல ஏத்தினேன். எட்டு வருஷம் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையா இருந்துச்சு.

போன் எடுக்கறதும் என் வேலைதான். கம்பெனிக்காரங்க கூப்பிட்டா, இல்லாதவ சார்பா நான் எடுத்து, ரெண்டு வார்த்தை மரியாதையாப் பேசி, "வேற எடத்துல சேர்ந்துட்டேங்க, மன்னிச்சுக்கங்க"ன்னு சொல்லி வச்சுட்டு, மேடமோட கணக்குல ஒரு குறி போடணும். ஒவ்வொருத்திக்கும் ஒரு சிம்மு. காலி இருக்கறவங்க போனெல்லாம் மேஜையில சும்மாக் கிடக்கும், தூசி தட்டலாம். காலி இல்லாதவங்களுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும். அதுலயும் சாருமதி போன் இருக்கே, அவளுக்குத்தான் என்ன கிராக்கி. மத்தவங்களுக்குப் பேசும்போது நான் நானாத்தான் பேசுவேன், இழுத்து, திருநெல்வேலி வாடையோட. இவ போனை எடுத்தா மட்டும் குரல் மாறிடும். நான் மாத்தறதில்ல, தன்னால மாறும். கொஞ்சம் சன்னமா, சுறுசுறுப்பா, நடுவுல சின்னதா ஒரு சிரிப்போட. எட்டு வருஷம் யார்கிட்டயும் கெஞ்சாத குரல். சிலபேர் உடனே விட மாட்டாங்க, அங்க என்னம்மா வேலை பாத்தே, எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டேன்னு கேப்பாங்க, பதில் சொல்லணும். ஆரம்பத்துல யோசிச்சு யோசிச்சுச் சொன்னேன். அப்புறம் யோசிக்காமலே வர ஆரம்பிச்சுது. கரூர் ஆபீஸ்ல மாடிப்படி ஏறினதும் இடது பக்கம் என் ரூம். ஜன்னல் வெளியே வேப்பமரம், பூ உதிர்ற மாசம் டேபிள் மேலயெல்லாம் பூ. கீழ சாயப் பட்டறை வாடை, மழை நாள்ல ரொம்ப இருக்கும், மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் சாப்பிடணும். பக்கத்து சீட்டு பிரேமா, அவ கொண்டு வர்ற எலுமிச்சம் சாதத்துல கடலைப்பருப்பு கருகித்தான் இருக்கும், இருந்தாலும் அதுதான் எனக்குப் பிடிக்கும். இதையெல்லாம் நான் எப்போ எழுதினேன். எழுதவே இல்ல. ஒரு நாள் பாத்திரம் விளக்கிக்கிட்டிருக்கேன், பிரேமாவைப் பாத்து ரொம்ப நாள் ஆச்சேன்னு ஒரு ஏக்கம் வந்துச்சு. நிஜ ஏக்கம். அப்புறம்தான் உறைச்சுது, எந்தப் பிரேமா. குழாயை மூடிட்டு அங்கேயே நின்னேன். உள்ள தென்றல் என்னைக் கூப்பிட்டிருக்கா, ரெண்டு மூணு தடவை. எனக்குக் கேக்கல. அவ வந்து என் தோளைத் தட்டி, "அம்மா, உனக்குக் காது கேக்கலையா?"ன்னா, கிண்டலாத்தான் கேட்டா. எனக்குச் சிரிப்பு வரல.

அன்னிக்கே மேடம்கிட்ட சொல்லி வேற யாரையாவது போன் எடுக்கச் சொல்லியிருக்கணும். சொல்லல. சொன்னா இருக்கற வேலையும் போயிடும்னு ஒரு பயம். இன்னொண்ணு, வெட்கத்தை விட்டுச் சொல்றேன், சாருமதியா இருக்கற அந்த ரெண்டு நிமிஷம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் ஒப்பந்தம் முடியப்போகுதுன்னு தெரிஞ்சதும் நானும் என் சொந்த பயோடேட்டாவை அங்க இங்க அனுப்ப ஆரம்பிச்சேன். ஆராய்ச்சிக்கு அனுப்பற கம்பெனிக்கு நான் அனுப்பக் கூடாதுன்னு சட்டம். இந்த வால்வு கம்பெனிக்கு மட்டும் அதை மீறி அனுப்பினேன். வீட்டுக்கு ஒரே ரயில், சனிக்கிழமை அரை நாள், தென்றல் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள வந்துடலாம், அந்த ஆசை. சண்முகவடிவு, நடுவுல எட்டு வருஷம் வெள்ளை. அதே வாரம் சாருமதியும் போனா. ஒரே காலேஜ், ஒரே வருஷம், ஒரே மார்க்கு. என் போன் பேசவே இல்ல. நெட்வொர்க் இல்லையோன்னு எடுத்து எடுத்துப் பாத்தேன், அவரை வெளியே போய் ஒரு தடவை என் நம்பருக்கு அடிக்கச் சொன்னேன், நல்லாத்தான் அடிச்சுது. ஒரு நாள் காலையில ஆபீஸ்ல சாருமதி போன் அடிச்சுது. "வணக்கம் மேம், ரூபகலா பேசறேன், எச்.ஆர்.லேர்ந்து"ன்னு இந்தக் கம்பெனி பேரைச் சொன்னாங்க. உங்க ரெஸ்யூம் ரொம்பப் பிடிச்சிருக்கு, நேர்ல வர முடியுமான்னு கேட்டாங்க. வேற எடத்துல சேர்ந்துட்டேங்கன்னு சொல்லணும், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லணும், குறி போடணும். எனக்கு வந்த கோவம் இருக்கே. யாரு மேல கோவம்னு தெரியல. அவ மேலதான்னு நினைக்கறேன். என் மார்க்கை எடுத்துக்கிட்டு, என் காலேஜை எடுத்துக்கிட்டு, எனக்கு வர வேண்டிய போனையும் எடுத்துக்கிட்டாளே. "கண்டிப்பா வர்றேன் மேம்"னேன். அந்தச் சின்னச் சிரிப்போட. போனை வச்சப்புறம் யோசிச்சேன், எப்படியாவது உள்ள நுழைஞ்சுடலாம், வேலையைப் பிடிச்சுட்டு அப்புறம் மெதுவா உண்மையைச் சொல்லிக்கலாம், பேருதானே, வேலை செய்யப் போறது இந்தக் கைதானேன்னு. சர்டிபிகேட் கேட்டா என்ன பண்ணுவே, ஆதார் கேட்டா என்ன பண்ணுவேன்னு கேக்கறதுக்கு உள்ள ஒருத்தி இருந்தா. அவ வாயை அடைச்சாச்சு.

அதோட நின்னிருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு நாள் கழிச்சு ரூபகலா மறுபடி கூப்பிட்டு, "உங்க பழைய ஆபீஸ்ல விசாரிச்சுட்டோம் மேம், சூப்பர் ரிப்போர்ட்டு"ன்னாங்க. பழைய ஆபீஸ்னா கரூர். விசாரிக்கறதுக்குன்னு பயோடேட்டாவுல ஒரு நம்பர் போட்டிருக்கோம்தான், அதுக்கும் ஒரு போன் இருக்கு, அது மேஜை டிராயருக்குள்ள. இதுவரைக்கும் யாரும் அடிச்சதில்ல, சார்ஜ் போட்டே மாசக்கணக்கு ஆச்சு. "யாரு மேம் பேசினாங்க?"ன்னு கேட்டேன். "ஒரு லேடி. ரொம்ப அக்கறையாப் பேசினாங்க. எட்டு வருஷத்துல ஒரு நாள் கூட லீவு போட்டதில்ல, எப்பவும் இங்கேயேதான் இருப்பா, வீட்டு ஞாபகமே வராது அவளுக்குன்னு சொன்னாங்க." போனை வச்சதும் டிராயரைத் திறந்தேன். போன் செத்துக் கிடந்துச்சு. பட்டனை அழுத்திப் பாத்தேன், வெளிச்சமே வரல. மேடம்கிட்ட நைஸாக் கேட்டேன், "நானா? நான் அந்தப் பக்கமே போகலையே"ன்னாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. அப்போ யாரு. நம்பரைத் தப்பாப் போட்டு வேற யாருக்காவது போயிருக்கலாம், போயிருந்தா அவ ஏன் சாருமதியைத் தெரியும்னு சொல்லணும். அவங்க விசாரிச்ச செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஆபீஸ்ல தனியாத்தான் இருந்தேன். கரென்ட் போய், பேன் நின்னு, கண்ணை அசத்துச்சு. அப்போ நானே எடுத்துப் பேசினேனோ. பேசினா ஞாபகம் இருக்காதா. செத்த போன்ல எப்படிப் பேசறது. செத்த போன் அன்னிக்குச் செத்திருந்துச்சான்னு யாருக்குத் தெரியும். அன்னிலேர்ந்து இதே எடத்துல வந்து வந்து முட்டிக்கிட்டிருக்கேன். யாரு பேசினான்னுகூட இப்ப எனக்குப் பெரிசா இல்ல. வீட்டு ஞாபகமே வராது அவளுக்குன்னு சொல்லியிருக்காளே, அதை நான் எழுதவே இல்லையே, அதுதான் ராத்திரி புரண்டு படுக்கும்போது நெஞ்சுல வந்து உட்காருது.

"அக்கா, உங்களுக்கு எத்தனை வருஷ எக்ஸ்பீரியன்ஸ்?" பக்கத்துப் பொண்ணு. பயத்துல பேசணும்போல இருக்கு அதுக்கு. நகமெல்லாம் கடிச்சு வச்சிருக்கு. ஜெபான்னு பேரு சொல்லுச்சு, திண்டுக்கல்லாம். "எட்டு வருஷம். கரூர்ல"ன்னேன். நான் சொல்லல, அந்தக் குரல் சொல்லுச்சு. "கரூரா? எங்க சித்தி வீடு அங்கதான்க்கா, லீவுக்கெல்லாம் அங்கதான் கெடப்போம். எந்தப் பக்கம்?" போச்சுன்னு நினைச்சேன். மாட்டினேன். ரயில்வே பலகையைத் தவிர எனக்கு அந்த ஊர்ல என்ன தெரியும். வாய் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போகுது, "பாலம் தாண்டி இறங்கினதும் வலது பக்கம் ஒரு சந்து, கடைசியில மஞ்சக் கட்டடம், வாசல்ல வேப்பமரம்." ஜெபா கண்ணைச் சுருக்கி யோசிச்சுது. "ஆமாக்கா, எதிர்த்தாப்ல ஒரு டீக்கடை கூட இருக்கும்ல? சாய வாடை அப்படியே தூக்கும். சித்தி மூக்கை மூடிக்கிட்டுதான் அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போவாங்க." டீக்கடை. ஆமா, டீக்கடை இருந்துச்சு, அதை மறந்துட்டேனே. மறந்துட்டேனேன்னு எனக்குள்ள ஒண்ணு நெஜமாவே வருத்தப்படுது. ஜெபா சிரிக்குது, "உங்களைப் பாத்திருப்பேனோ என்னவோ"ங்குது. எழுந்து ஓடிடலாமா. கதவு அங்கதான் இருக்கு, செக்யூரிட்டிகூட அசந்து போய்த்தான் உட்கார்ந்திருக்கார். ஓடினா அடுத்த மாசம் என்ன பண்றது. மெஷினுக்கு பேட்டரி, ஒயரு, அடுத்த வருஷம் அதோட வெளிப்பாகத்தையே மாத்தணும்கறாங்க, அவர் ஒத்தைச் சம்பளத்துல எதை இழுத்து எதை மூடறது. எந்திரிக்கல. தென்றலை நினைச்சுக்கிட்டா தைரியம் வரும், எப்பவும் அப்படித்தான் செய்வேன், கண்ணை மூடி அவ முகத்தைக் கொண்டு வருவேன். மூடினேன். வேப்பம்பூ விழுந்த டேபிள்தான் வந்துச்சு. பிரேமா வந்தா, பருப்புக் கருகின எலுமிச்சம் சாதத்தோட. எம்பொண்ணு முகம் வர்றதுக்கு நேரமாச்சு. வந்தப்புறமும் வாய் மட்டும் அசையுது, சத்தம் இல்ல.

"சாருமதி மேம்?" ரூபகலாதான். போன்ல கேட்டதைவிட சின்னப் பொண்ணு. ஜெபா ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "நல்லாப் பண்ணுங்கக்கா"ங்குது. உள்ள ஒரு பெரியவர், வரதராஜன் சார்னு அறிமுகம் பண்ணி வச்சாங்க, கணக்குப் பிரிவுக்கே தலை அவர்தானாம். கேள்வி கேட்டார். ஏற்றுமதிக்கு வரி எப்படித் திரும்ப வாங்கினீங்க, தொழிலாளிங்களுக்குப் பி.எஃப். எப்படிக் கட்டினீங்க, சாயப் பட்டறைக்குத் தனிக் கணக்கா. நான் பதில் சொல்றேன். நான் எங்கேயோ பின்னால உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். என்ன அழகாச் சொல்றா. எனக்கே தெரியாத விஷயமெல்லாம் சொல்றா. வரதராஜன் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேக்கறார். அப்புறம், பேச்சு வாக்கிலதான், "உங்க காலேஜ்லேர்ந்து, உங்க செட்டுலேர்ந்தே இன்னொரு பயோடேட்டா வந்துச்சும்மா. சண்முகவடிவுன்னு. தெரியுமா?"ன்னார். இதுதான் சமயம். நல்லா வேலை செய்வா சார், என்னைவிட நல்லாச் செய்வா, அவளைக் கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். "தெரியும் சார்"னேன். "எப்படி?" "நல்லாப் படிப்பா." அந்தச் சின்னச் சிரிப்பு. "அப்புறம் தொடர்பு இல்ல சார்." ரூபகலா, "அவங்களுக்கு எட்டு வருஷம் கேப் சார், அதான் கூப்பிடல"ன்னா. அவர் உச்சுக் கொட்டினார், திட்டறதுக்கில்ல, நெஜமான பரிதாபத்தோட. "எட்டு வருஷம் வீட்ல சும்மா இருந்தா எல்லாம் மறந்துடும், பாவம்." சும்மாவான்னு கேக்க வந்தேன். அந்த எட்டு வருஷத்துல ஒரு நாளாவது நான் சும்மா இருந்தேனா, தொண்டையில கையை வச்சுக்கிட்டு ஒரு ம-வுக்காகக் காத்துக்கிட்டிருந்ததுக்கு லீவு உண்டா, பி.எஃப். உண்டா. கேக்க வந்தேன், வாய் திறக்கல. அவ திறக்க விடல. "ஆமா சார், பாவம்"னுதான் வந்துச்சு.

அவருக்குத் திருப்தி. பேப்பரையெல்லாம் ஒண்ணாத் தட்டி அடுக்கிட்டார். இனி பயமில்லன்னு எனக்கும் தோணுச்சு, கேக்கறதுக்கு இனி எதுவும் இல்ல. அப்பத்தான், வீட்டு விஷயம் விசாரிக்கற மாதிரி, யாரு வேலைக்குப் போனாலும் நம்ம ஊர்ல கேப்பாங்களே அந்த மாதிரி சாதாரணமா, "கொழந்தைங்க எத்தனைம்மா?"ன்னார். எல்லாக் கேள்விக்கும் அவகிட்ட பதில் இருந்துச்சு. இதுக்கு மட்டும் நாங்க எதுவும் எழுதல. கொழந்தை விஷயத்தை உள்ள கொண்டு வந்தா அது வேற ஆராய்ச்சி ஆயிடும்னு மேடம் சொல்லிட்டாங்க, அந்த வரியே இல்லாம அனுப்பிட்டோம். அதனால இதுக்கு நான்தான் பதில் சொல்லணும். ஒரு பொண்ணு சார். பேரு தென்றல். ரொம்ப நல்லாப் பேசுவா. இவ்வளவுதானே. இதைச் சொல்றதுல என்ன நஷ்டம், ஒரு பொண்ணு இருக்கறவளுக்கு வேலை தர மாட்டாங்களா. சொல்றதுக்கு மூச்சை இழுத்தேன். எட்டு வருஷத்துல ஒரு நாள் கூட லீவு போடாதவளுக்கு எப்படிய்யா கொழந்தை இருக்கும், அவளுக்கு வீட்டு ஞாபகமே வராதேன்னு எங்கிருந்தோ கேட்டுச்சு. "இல்ல சார்"னேன். குரல் கொஞ்சம் கூட நடுங்கல. ரூபகலா எதையோ குறிச்சுக்கிட்டா. "நல்லது, வர்ற திங்கட்கிழமை சேர்ந்துடுங்க, ஒரிஜினல் எல்லாம் அன்னிக்கு எடுத்துட்டு வாங்க"ன்னு வரதராஜன் சார் எழுந்து கை கூப்பினார். நானும் கூப்பினேன். ஜெபாவைத் தாண்டித்தான் வெளியே வந்தேன், என்னக்கா ஆச்சுன்னு கேட்டுச்சு, நிக்கல.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. கேட்டுக்கு எதிர்ல ஒரு கரும்பு ஜூஸ் வண்டி, அந்த நிழல்ல போய் நின்னேன். இல்லன்னு சொல்லிட்டேனே. பெத்தவ வாயால, இல்லன்னு. சொன்னா என்ன ஆகும், ஒண்ணும் ஆகாது, ஆயிரம் பேர் ஆயிரம் பொய் சொல்றாங்க, வேலைக்காகச் சொன்ன ஒரு வார்த்தை. அப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டாலும் கை தானா பைக்குள்ள போய் போனைத் தேடுது. அவ குரலை ஒரு தடவை கேட்டுட்டாப் போதும். லீவு நாளு, வீட்லதான் இருப்பா, கீழ் வீட்டக்கா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு போனும் சேர்ந்து அடிச்சு மாட்டிக்கப் போறேன்னு பயந்து என் போனை அவகிட்டயே கொடுத்துட்டு வந்தேன். பையில இருக்கறது சாருமதி போன். அதுலேர்ந்து என் நம்பரை அடிச்சேன். போகுது, போகுது, எடுக்கல. எடுக்க மாட்டாளோ. எடுக்கறதுக்கு அங்க ஆளே இல்லையோ. ஜூஸ் மெஷின் கரகரன்னு ஓடுது, இன்னொரு காதைப் பொத்திக்கிட்டேன். எடுத்துட்டா. "ஹலோ." எம்பொண்ணு. எனக்கு உயிரே வந்துச்சு. நான்தாண்டி செல்லம், அம்மாதாண்டின்னு சொல்லப் போனேன். "ஹலோ, தென்றல்தானே பேசறது?"ன்னு கேட்டுது. சன்னமா, சுறுசுறுப்பா, நடுவுல அந்தச் சின்னச் சிரிப்போட. என் குரலை எங்கயோ வச்சுட்டேன், தேடறேன், கிடைக்கல. அவ கொஞ்சம் யோசிச்சா. போன்ல வர்ற குரலைப் பிரிச்சுப் பாக்கறது அவளுக்குக் கஷ்டம்தான், ஆனா என் குரலை ஒரு நாளும் தவற விட்டதில்ல. "ஆமாங்க, தென்றல்தான். அம்மா வீட்ல இல்லைங்க, வெளியே போயிருக்காங்க. நீங்க யாரு?" ஒவ்வொரு எழுத்தும் சுத்தமா, மணி மணியா. சொல்லுடி, சொல்லித் தொலைடின்னு எனக்குள்ள அடிச்சுக்கறேன். "சாருமதி பேசறேன்மா. அம்மாவோட காலேஜ்ல படிச்சவ." "சரிங்க ஆன்ட்டி, அம்மா வந்ததும் சொல்றேன்." வச்சுடப் போறா. வச்சுட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. "வச்சுடாதம்மா"ன்னேன், அழுகை முட்டுது, ஆனா குரல்ல அது வரவே இல்ல, எதையாவது கேட்டுப் பேச்சை இழுக்கணும். "எவ்வளவு அழகாப் பேசறே. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"எங்கம்மா"ன்னா.